பின்சீட்டுக்கு அடியில் கேட்ட சத்தம்

பேய்க் கதை என்றாலே நடுராத்திரி, அமாவாசை, நாய் ஊளை என்றுதான் ஆரம்பிப்பார்கள். இது பட்டப்பகலில் நடந்தது. போன வருஷம் மே மாதம், கத்திரி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு சனிக்கிழமை. மத்தியானம் 12.36-க்கும் 12.53-க்கும் நடுவில். ஒரு வார்த்தை நான் கூட்டிச் சொல்லவில்லை. சந்தேகம் இருப்பவர்கள் அரியலூர் பைபாஸ் பக்கம் வந்தால் அசோக்கையே காட்டுகிறேன். அன்றைக்கு அவன் உயிர் போயிருக்க வேண்டியது. எப்படித் தப்பியது என்பதுதான் இன்றுவரை எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை.

அசோக் கார் மெக்கானிக். நான் பக்கத்துக் கடையில் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறேன். அவனுக்குக் காதுதான் மூலதனம். கம்ப்யூட்டர் மாட்டிப் பழுது கண்டுபிடிக்கிற இந்தக் காலத்திலும், நீளமான ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, நுனியை எஞ்சினில் ஊன்றி, எது போய்விட்டது என்று சொல்லிவிடுவான். சொன்னால் தப்பாது. அதில் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு. "ஒரு கஸ்டமர்கிட்டயாவது எனக்குக் கேக்கலன்னு சொல்லியிருக்கேனாடா?" என்று வாரத்துக்கு ஒரு முறையாவது பீற்றிக்கொள்வான். பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான்.

அன்றைக்கு வந்தவர் சத்யப்பிரியா டீச்சர். குன்னம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. கார் வெள்ளை நிறம், இருபது வயதுக்கு மேல் இருக்கும்.

"பின்னாடி ங்ங்ங்னு ஒரு சத்தம்ண்ணா. நிக்கும்போது வராது. குன்னம் ரோட்டுல கொஞ்ச தூரம் போனப்புறம்தான் வரும்."

"எப்ப வாங்குனீங்க?"

"மூணு மாசம் ஆச்சு. செகண்ட் ஹேண்ட். புரோக்கர் மூலமா."

அசோக் சாவியைத் திருப்பினான். பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி முனகி அடங்கியது. டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளுகிற சின்ன மோட்டார் அது. பழைய கார்களில் பின்சீட்டுக்கு அடியில் இருக்கும். அது முனகுவது வழக்கம்தான். பெட்ரோலும் பாதி டேங்க் இருந்தது. பின்சீட்டைக் கழற்றி வெளியே வைத்தான். நாலு ஸ்குரூவைத் திருகி மூடியை எடுத்தான். பம்ப்பின் தலை தெரிந்தது. ஒரு ஹோஸ், ஒரு வயர், வயரின் முனையில் வெள்ளை பிளக்.

"ஓடுனாத்தான் தெரியும். நீங்க ஓட்டுங்க மேடம். நான் பின்னாடி படுத்துக் கேக்குறேன். சாவி அதுலயே இருக்கட்டும்."

இது அவன் எப்போதும் செய்கிற வேலைதான். யாராவது ஓட்டுவார்கள். இவன் சீட்டு இருந்த இடத்தில் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்து, பம்ப்புக்குப் பக்கத்தில் தகரத்தில் காதை வைத்துக்கொள்வான். கண்ணையும் மூடிக்கொள்வான். கண் திறந்திருந்தால் காது சரியாக வேலை செய்யாது என்பது அவன் கட்சி.

படுத்தான். மணி 12.36.

முன்கதவு திறந்தது. மூடியது. 'டக்'கென்று சீட் பெல்ட் மாட்டும் சத்தம். வண்டி கிளம்பியது.

அது போனதை நான் கல்லாவிலிருந்து பார்த்தேன். கண்ணாடியில் வெயில் பட்டுக் கூசியது. யார் ஓட்டினார்கள் என்று நான் பார்க்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இனி வண்டிக்குள் நடந்தது, அசோக் சொன்னபடி. முதல் ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. சிமெண்ட் லாரிகளின் ஹாரன். தகரத்தின் சூடு. முன்னாலிருந்து தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி.

"கேக்குதா?"

"இன்னும் இல்ல மேடம். மூணாவது கியர்லயே போங்க."

கியர் இறங்கியது.

12.44. சத்தம் வந்தது. ங்ங்ங்... மெல்ல ஆரம்பித்து ஏறிக்கொண்டே போனது.

"கேக்குதா?"

"கேக்குது மேடம்."

வண்டி வேகம் எடுத்தது. அசோக்குக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பெட்ரோல் சரியாகக் கிடைக்காமல் பம்ப் திணறுகிறது. உள்ளே இருக்கும் வடிகட்டி அடைத்திருக்க வேண்டும். அரை நாள் வேலை.

"போதும் மேடம். திருப்பிக்கலாம்."

வண்டி திரும்பவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போய் இடது பக்கம் வளைந்தது. இண்டிகேட்டர் போட்டால் கேட்குமே 'டிக் டிக்', அது கேட்கவில்லை. லாரிகளின் சத்தம் தேய்ந்து போனது. வண்டிக்கு அடியில் கல் தெறித்தது. பட்... பட்...

கன்னத்துக்குக் கீழே சுட்டுக்கொண்டிருந்த தகரம் இப்போது சுடவில்லை. சில்லென்று இருந்தது. ஈரமாகவும் இருந்தது.

பம்ப் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம்.

குளுக்... குளுக்...

பெட்ரோல் அலம்புவது அவனுக்குத் தெரியும். இது வேறு. தண்ணீருக்குள் யாரோ மூச்சு விடுகிற சத்தம்.

"மேடம், நிறுத்துங்க."

"கேக்குதா?"

அதே குரல். அதே ஏற்ற இறக்கம்.

12.51. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். சத்யப்பிரியா டீச்சர். முன்சீட்டில் இருந்துகொண்டு எதற்குப் போன் செய்கிறார்?

"அண்ணா, எங்க போயிட்டீங்க? தண்ணி பாட்டில் வாங்கிட்டு வர்றதுக்குள்ள வண்டியக் காணும்."

அவர் குரலுக்குப் பின்னால் என் கடை ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"அண்ணா... வண்டிய யாருண்ணா ஓட்டுறா?"

அசோக் தலையைத் தூக்கினான்.

ஓட்டும் சீட்டில் யாரும் இல்லை.

பெல்ட் மாட்டியிருந்தது. ஸ்டீயரிங் தானாகக் கொஞ்சம் இடது பக்கம் அசைந்தது.

கண்ணாடிக்கு வெளியே வெள்ளைத் தரை. சுண்ணாம்புக்கல் வெட்டிவிட்டுக் கைவிட்ட பழைய மைன்ஸ். கொஞ்ச தூரத்தில் தரை முடிந்தது. அதற்கு அப்பால் பள்ளம். அறுபது அடித் தண்ணீர்.

ஹேண்ட் பிரேக் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்தது. அந்தச் சீட்டுப் பக்கம் அவனால் கையை நீட்ட முடியவில்லை. அப்படி ஒரு பயம்.

கைக்குப் பக்கத்தில் பம்ப். வெள்ளை பிளக்.

நகத்தால் அழுத்தி இழுத்தான்.

வரவில்லை.

மறுபடியும்... பிடுங்கினான்.

பிளக் கையோடு வந்தது. பம்ப் நிற்க வேண்டும். குழாயில் மிச்சம் இருக்கும் பெட்ரோலில் எஞ்சின் இரண்டு மூன்று விநாடி ஓடும்.

ஒன்று...

இரண்டு...

மூன்று...

ஓடிக்கொண்டே இருந்தது.

"கேக்குதா?"

இந்தத் தடவை குரல் முன்னாலிருந்து வரவில்லை. அடியிலிருந்து வந்தது. அவன் காதுக்கு நேர் கீழே.

அசோக்கின் காதில் அவன் நெஞ்சு அடிப்பதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னான்.

"கேக்கல."

எஞ்சின் செத்தது.

வண்டி குலுங்கி, சரளையில் இழுபட்டு நின்றது. பள்ளத்தின் விளிம்புக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் நாலடி. மணி 12.53.

மைன்ஸ் வாட்ச்மேன் அய்யாக்கண்ணு மூச்சிரைக்க ஓடி வந்தார். கதவைத் திறந்து வெளியே விழுந்து கிடந்த அசோக்கைத் தாண்டி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஓட்டிட்டு வந்த அம்மா எங்க தம்பி? கையக் காட்டுறேன், பாத்துக்கிட்டே போவுது."

அய்யாக்கண்ணு நம்பர் பிளேட்டைப் பார்த்தார். இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

நான் போய்க் கயிறு கட்டி வண்டியை இழுத்து வந்தேன். டீச்சர் அதைத் தொடவே மாட்டேன் என்று பஸ் ஏறிவிட்டார். நாங்கள் மனதைத் தேற்றிக்கொண்டோம். யாரோ திருட வந்து பாதியில் குதித்துவிட்டார்கள், பிளக்கைப் பிடுங்கியதால் வண்டி நின்றது. அப்படித்தான் நான்கு நாள் பேசிக்கொண்டிருந்தோம்.

புதன்கிழமை அசோக் பம்ப்பை வெளியே எடுத்தான். வடிகட்டி முழுக்க வெள்ளைச் சேறு. சுண்ணாம்புச் சேறு. சத்தத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது. மூடிய டேங்குக்குள் சேறு போக வேண்டும் என்றால் வண்டி தண்ணீரில் முங்கியிருக்க வேண்டும்.

இரண்டு பேரும் என் பைக்கில் அய்யாக்கண்ணுவைத் தேடிப் போனோம்.

"இதே வண்டிதாம்பா," என்றார். "ரெண்டு வருஷத்துக்கு முன்ன இதே பள்ளத்துலேர்ந்து கிரேன் வச்சுத் தூக்குனாங்க. நாலு நாள் தண்ணிக்குள்ள கெடந்துச்சு."

"யாரு ஓட்டுனது?" அசோக் கேட்டான்.

"அதான் தெரியல. ஓட்டுற சீட்டுல ஆளே இல்ல, பெல்ட்டு மட்டும் மாட்டியிருந்துச்சு. பின்சீட்டக் கழட்டிட்டு ஒருத்தரு குப்புறக் கெடந்தாரு. உடையார்பாளையம் பக்கமாம். கார் மெக்கானிக்கு."

அய்யாக்கண்ணு தன் விரல்களை இறுக மூடிக் காட்டினார்.

"கையில ஒரு ஒயரப் புடிச்சிருந்தாரு. முனையில வெள்ளையா ஒரு பிளக்கு. விரலப் பிரிச்சுத்தான் எடுத்தாங்க."

அசோக்கை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தேன். கடை வாசலில் பைக்கை நிறுத்தியதும் ஒன்றே ஒன்று சொன்னான்.

"அவரும் கழட்டியிருக்காருடா. வண்டி நிக்கல."