மக்னோலியாவுக்கு ரெண்டு போல்ட்

மரம் வெட்டுறவனைக் கண்டால் சனம் ஒண்டில் தேத்தண்ணி தரும், இல்லாட்டிக் கதவைச் சாத்தும். நடுவிலை ஒண்டும் இல்லை. தொண்ணூறுகளிலை ரொறன்ரோவிலை வந்திறங்கி, ஊரிலை செய்த வேலைக்கும் இஞ்சை கிடைச்ச வேலைக்கும் ஒரு சொந்தபந்தமும் இல்லாமல் முழிச்ச உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஊரிலை நான் தபால் கந்தோரிலை முத்திரை வித்தவன். இஞ்சை டோனி எண்ட இத்தாலிக்காரனோடை மரம் வெட்டுற வேலை. காத்துப் பெலமா அடிச்சால் நீங்கள் சாமியைக் கும்பிட்டிருப்பியள், நாங்கள் மரம் அரியிற வாளைத் தீட்டினம். அந்த நாளையிலை ஒரே ஒரு மரத்தாலை நான் பட்ட பாட்டைக் கேளுங்கோ. ஆக்களை அவையின்ரை குரலிலையே தாறன், அது எனக்குச் சின்னனிலையிருந்து உள்ள வியாதி.

கதிரையிலை பவளம் அக்கா

சித்திரை மாசம். முந்தின நாள் முழுக்க, விழுந்த இடத்திலையே ஐஸாகிற உறைமழை, பிறகு காத்து. விடியக் காலமை மில்லிக்கனிலை ஒரு வீட்டுக்குப் போறம். டோனியின்ரை கையிலை இருந்த பேப்பரிலை 'மரம் முழுக்க வெட்டி எடுக்கவும்' எண்டு எழுதி, வீட்டு ஐயா கையெழுத்தும் வைச்சிருக்கிறார். முன் வளவிலை ஒரு மக்னோலியா. இலை வரமுந்தியே கையகலத்துக்கு றோஸ் நிறத்திலை பூக்குமே, அது. அடியிலை ரெண்டாப் பிரியிற கவர் கிழிஞ்சு, ஒரு பாதி அப்பிடியே சரிஞ்சு ஐயாவின்ரை காருக்கு மேலை சாஞ்சு படுத்திருக்குது.

நான் செயின்வாளை இழுத்து ஸ்ராட் பண்ணினன். அப்பதான் பாத்தன், மரத்துக்குக் கீழை ஒரு பிளாஸ்ரிக் கதிரை. அதிலை நைட்டிக்கு மேலை விண்டர் ஜக்கெற் போட்டு, மடியிலை பிளாஸ்கோடை ஒரு அக்கா. பேர் பவளம். வாளைப் பாத்தா, என்னைப் பாத்தா, பிளாஸ்கைத் திறந்து ஆறுதலா ஒரு கோப்பை ஊத்தினா. "தம்பி, உதை நிப்பாட்டு. எனக்கு வேலை மூண்டரைக்குத்தான். அதுமட்டும் நான் இதிலைதான் இருப்பன்."

எதிர்க்கட்சி

கதவடியிலை சாரமும் ரெண்டு சோடி சொக்ஸும் போட்டபடி நிண்டவர் துரையண்ணை, அக்காவின்ரை மனுசன், பேப்பரிலை கையெழுத்து வைச்சவர். அவருக்கு அந்த மரத்தோடை வீடு வாங்கின நாளிலையிருந்து பகை. பூ கொட்டிக் காரிலை ஒட்டுதாம், மிதிச்சால் வழுக்குதாம். மரம் போனால் ட்றைவேயை அகட்டி ரெண்டு கார் விடலாமாம்.

அக்காவுக்கோ, இருபது வீடு பாத்து இந்த வீட்டுக்கு ஓம் எண்டதே அண்டைக்கு இது பூத்து நிண்டதாலை. வைகாசியிலை பூத்தால் வோபர்னிலையிருந்து மார்க்கம் மட்டும் தெரிஞ்ச சனம் எல்லாம் பொம்பிளைப் பிள்ளையளைச் சீலை உடுத்திக் கூட்டிக்கொண்டு வருங்கள். கலியாணம் பேசப் படம் வேணுமெல்லோ? லண்டன், பாரிஸ், கொழும்பு எண்டு அந்த மரம் போகாத நாடில்லை. "நாலு கலியாணம் பொருந்தினது இதுக்குக் கீழை எடுத்த படத்தாலை" எண்டு அக்கா சொல்ல, நானும் மெல்லமா, "அண்ணை, கட்டிப் பாக்கலாம், பிழைக்கும்" எண்டன். துரையண்ணை என்னைத் தனிய ஒரு பக்கம் இழுத்தார். "கடவுளாப் பாத்து முறிச்சுத் தந்தது தம்பி. நீ அவருக்கு எதிர்க்கட்சி நடத்தாதை."

வீடு ஆற்றை பேரிலை?

டோனி மணிக்கூட்டைப் பாக்கிறான். அவனுக்கு ஒரு சட்டம் இருக்குது. வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்து வைச்சால்தான் மரத்திலை கை வைப்பான். நான் முகத்தை அப்பாவி மாதிரி வைச்சுக்கொண்டு கேட்டன், "அக்கா, வீடு ஆற்றை பேரிலை?"

அந்த நேரம் துரையண்ணை சொக்ஸைக் குனிஞ்சு பாத்த வடிவை நீங்கள் கண்டிருக்கவேணும். வீடு வாங்கேக்கை அவர் வேலை மாறிக்கொண்டு இருந்தவர். அக்காவுக்குப் பக்ரறியிலை நிரந்தர வேலை. பாங்க்காரன் மோட்கேஜை அக்காவின்ரை பேரிலைதான் குடுத்தவன், வீடும் அவ பேரிலை. உங்களிலை கன வீட்டிலை இதே கதைதானே! அக்கா எழும்பி உள்ளை போய் சிற்றி வரிப் பேப்பரைக் கொண்டுவந்து டோனியிட்டை நீட்டினா. பழைய பேப்பர் கிழிஞ்சுது, 'மரம் கட்டவும்' எண்ட புதுப் பேப்பரிலை அக்காவின்ரை கையெழுத்து விழுந்துது.

துரையண்ணை விடேல்லை. "முறிஞ்ச பாதி இந்த வைகாசியிலை பூக்காட்டி மரம் முழுக்கப் போகவேணும், சரியோ?" அக்கா யோசிச்சுப்போட்டு ஓம் எண்டா. டோனி பேப்பரை மடிச்சுப் பொக்கற்றுக்குள்ளை வைச்சு என்ரை காதுக்குள்ளை சொன்னான், "மை ஹவுஸ், ஸேம் ஸிஸ்டம்."

முழங்கால் வைத்தியம்

வேலை லேசில்லை. முதல் வேலையா, சரிஞ்ச பாதியின்ரை நுனிக் கொப்புகளை வெட்டிப் பாரத்தைக் குறைச்சம். பிறகு கையாலை இறுக்கிற வின்ச்சை நல்ல பாதியிலை கட்டி, மற்றதை அங்குலம் அங்குலமா இழுத்தம். பட்டை நெரியாமல் அக்காவின்ரை பழைய கம்பளியைச் சுத்தி விட்டன். கிழிஞ்ச வாய் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வந்துது. வாய் பொருந்தினதும் ரெண்டு பாதியையும் ஊடறுத்துத் துளை போட்டு, நீட்டுப் போல்ட் ரெண்டு விட்டு, வாஷர் வைச்சு நட்டை முறுக்கினன்.

துரையண்ணை காரின்ரை நெளிவைத் தடவிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரிச்சார். "உயிருள்ள சாமானுக்கு இரும்பு அடிச்சு ஆராவது பிழைச்சதைக் கண்டிருக்கிறியளோ?" அக்கா திரும்பியும் பாக்கேல்லை. "ஏனப்பா, உங்கடை முழங்காலுக்குள்ளை டொக்டர் அடிச்சது என்ன, மரவள்ளிக்கிழங்கோ?"

டோனியின்ரை குரல்

அடுத்த கிழமை டோனியின்ரை கந்தோரிலை ரெலிபோன் அடிச்சுது. எடுத்தால் துரையண்ணை, டோனி எண்டு நினைச்சு இங்கிலிசிலை. மரம் செத்துப்போச்சாம், மனுசி வேலைக்குப் போன நேரமாப் பாத்து வந்து வெட்டட்டாம். எனக்குப் பொறுக்கேல்லை. தொண்டையைச் செருமி டோனியின்ரை குரலை எடுத்து விட்டன். "மை ஃப்ரெண்ட்! மாமா மியா! யூ பாஸ்? நோ, நோ. வைஃப் பாஸ். வைஃப் சைன், ஐ கட். நோ வைஃப், நோ கட். ச்சாவ்!" மற்றப் பக்கத்திலை டொக் எண்டு வைச்சிட்டார்.

பெருமையோடை திரும்பினால் டோனி கோப்பிக் கோப்பையோடை பின்னாலை நிக்கிறான். வேலை போச்சு எண்டுதான் நினைச்சன். அவன் ஒரு முடறு குடிச்சான், யோசிச்சான். "மாமா மியா, ஐ நெவர் ஸே. த ரெஸ்ட், வெரி குட்."

மஞ்சள் கோடு

வைகாசி பிறந்துது. நல்ல பாதி குப்பெண்டு பூத்துது. போல்ட் அடிச்ச பாதியிலை சாம்பல் நிற மொட்டுகள் மட்டும், பூனைக்குட்டியின்ரை வால் நுனி மாதிரி, திறக்கிற எண்ணமே இல்லாமல் இருந்துது. வேலை முடிஞ்சு போகேக்கை நான் ட்றக்கை அந்த ரோட்டாலை விட்டுப் பாப்பன். ஒருநாள் பாத்தால் புல்லிலை மஞ்சள் பெயின்ற் கோடு. துரையண்ணை புது ட்றைவேக்கு அளவெடுத்து முடிச்சிட்டார்!

ரெண்டு நாள் நல்ல வெய்யில் எறிச்சுது. சனிக்கிழமை காலமை அக்கா ரெலிபோனிலை, "தம்பி, வா" எண்டா, வேறை ஒரு சொல்லும் இல்லை. நான் குடும்பத்தை ஏத்திக்கொண்டு பறந்தன். ரோட்டு முழுக்கக் கார். போல்ட் பாதி மற்றப் பாதியை விட அடர்த்தியாப் பூத்து நிக்குது! கீழை சீலையள் வரிசையிலை. நடுவிலை கழுத்திலை கமராவோடை துரையண்ணை, "பிள்ளை, நாடியை நிமித்து... அன்ரி, நீங்கள் கொஞ்சம் விலத்துங்கோ, பூவை மறைக்கிறியள்" எண்டு மஞ்சள் கோட்டுக்கு மேலை முழங்காலிலை நிண்டு படம் எடுக்கிறார். நான் பக்கத்திலை போய் நிண்டன். அவர் என்னைப் பாக்கேல்லை, பாக்க நேரமும் இல்லை. அக்கா ஒரு தட்டிலை வடையோடை வந்தா, கண் கலங்கி இருந்துது, ஆனால் வாய் சும்மா இருக்கேல்லை. "பேசாதை தம்பி, மூண்டாவது பிலிம் றோல் ஓடுது. கலியாண வீட்டிலையும் எனக்கு இவ்வளவு படம் எடுக்கேல்லை இந்த மனுசன்."

நான் வெட்டின மரத்துக்காரர் ஒருத்தரும் என்னைத் திருப்பிக் கூப்பிட்டதில்லை, வெட்டாமல் விட்ட அந்த ஒரு வீட்டிலை மட்டும் வருசா வருசம் வைகாசியிலை எனக்கு ஆட்டிறைச்சிக் கறி.