பின்னாடி சும்மா ஒக்காரு

என் வூட்டுக்காரருக்கு எந்த வண்டியானாலும் பொண்டாட்டி பின்னாடிதான். பதினோரு வருஷமா பைக்ல அவர் முதுகையே பாத்துகினு வரேன். மாமல்லபுரம் போற வழியில, பேக்வாட்டர்ல, ரெண்டு பேர் ஓட்டற கயாக் படகைப் பாத்ததும் ஓடிப்போய் முன்சீட்டைப் பிடிச்சிக்கினார்.

அவரோட சிறுசேரி ஆபீஸ்ல குடும்பத்தோட கூட்டிகினு போன டூர் அது. ஜோடி ஜோடியா படகுப் போட்டி, தண்ணியில நட்ட கொடியைத் தொட்டுட்டு மொதல்ல திரும்பணும். டீம் லீடு வேலை இவருக்கா இன்னொருத்தருக்கான்னு இழுத்துகினு இருந்த நேரம். மேனேஜர் கண்ணு முன்னாடி ஜெயிச்சே ஆகணும்னு ஒரு வாரமா புலம்பல்.

படகு விடுறவர் சொல்லிக்குடுத்தார்: "முன்னாடி ஒக்கார்றவங்க துடுப்பு போட்டா போதும். படகைத் திருப்புற சுக்கான் வால்ல கீது. அதோட பெடல் ரெண்டும் பின்சீட்டுல. வலது கால் அமுக்குனா வலது, இடது கால்னா இடது." இவர் செல்ஃபி எடுத்துகினு இருந்தார். காதுல வாங்குனது நான்தான்.

அப்புறம் எல்லார் எதிர்லயும் சொன்னார்: "இவளுக்கு சோறு வடிக்கிறதத் தவிர ஒண்ணும் தெரியாது. பின்னாடி சும்மா ஒக்காருடி, போதும்." மேனேஜர் சம்சாரம் வாயைப் பொத்திகினு சிரிச்சாங்க.

சரி, சும்மாவே ஒக்கார்றேன். வலது பெடலை மட்டும் அமுக்கிகினு ஒக்காந்தேன்.

மனுஷன் இழுக்கிறார், இழுக்கிறார், படகு செக்குமாடு மாதிரி சுத்துது. மத்தவங்க கொடியைத் தொட்டுத் திரும்பிட்டாங்க. "காத்துடி! தண்ணி இழுக்குதுடி!"ன்னு கத்தினார். "அப்டியாங்க?"ன்னேன். சத்தியமா சொல்றேன், அவ்ளோ சந்தோஷம். கடைசியில திரும்பாமலே கேட்டார்: "என்னால முடியலடி. இன்னா பண்றது?" அப்பவும் காலை எடுக்கலை. இன்னும் ரெண்டு சுத்து விட்டுட்டுத்தான் எடுத்தேன்.

கரையில மேனேஜர் சிரிச்சார். "ஒரு படகை நேரா ஓட்டத் தெரியல, பத்து பேரை எப்டிப்பா ஓட்டுவ? இல்ல, மேடம் சொதப்பிட்டாங்களா?"

என் பக்கம் கைகாட்டுவார்னு பல்லைக் கடிச்சுகினு நின்னேன். காட்டட்டும், அங்கயே எல்லாத்தையும் போட்டு உடைச்சிடலாம்னு.

"அவ மேல தப்பில்ல சார். எனக்குத்தான் ஓட்டத் தெரியல. அவ பாவம், பின்னாடி சும்மாதான் ஒக்காந்திருந்தா."

படகு விடுறவர் என் காலைப் பாத்தார். துடுப்பை எடுத்துகினு போயிட்டார்.

லீடு வேலை இன்னொருத்தருக்குப் போச்சு. ஒரு படகுக்காகவா வேலை போவும்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன். அன்னைக்கு பைக்ல வூட்டுக்கு வர்றப்போ, கொப்புளம் உடைஞ்ச கையால கிளட்ச் பிடிக்கும்போதெல்லாம் "ஸ்ஸ்"ன்னார். நான் பின்னாடி சும்மா ஒக்காந்திருந்தேன்.