மூச்சை எங்கே விடுவது

சங்கு குளிக்கிறவனுக்கு மூச்சு விடத் தெரியவில்லை என்று ஒரு பெண் சொன்னபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

இருபத்தைந்து வருடமாகத் தூத்துக்குடிக் கடலில் மூச்சை அடக்கி முங்குகிறவன் நான். போன வருடம் ஒருநாள், சங்குப் பையோடு மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து ஏறும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. பாதி உடம்பு உள்ளே, பாதி தண்ணீரில். கூட வந்த இரண்டு பேர் என்னைத் தூக்கி உள்ளே போட்டார்கள். வலியைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. வள்ளத்துக்காரர் மறுநாளே வேறொரு ஆளைச் சேர்த்துக்கொண்டார்.

"ஒன் எடம் இங்கனதான் இருக்கும்ல. ஆனா வள்ளத்துல நீயா ஏற முடியுத அன்னைக்கு வா" என்றார்.

டாக்டர் மாத்திரையோடு மேட் பிலாட்டீஸ் என்றும் எழுதிக்கொடுத்தார். பாயில் படுத்துச் செய்கிற பயிற்சியாம். படுத்தால் இடுப்பு சரியாகும் என்றால், நான் மூன்று வாரம் படுத்தே கிடந்தேனே, ஏன் சரியாகவில்லை? அதைத் தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

துணிக்கடைக்கு மேலே ஒரு மாடி. ஏழு பெண்கள், நான் ஒருவன். சொல்லிக்கொடுத்தவர் நாசரேத் பக்கத்துப் பெண், பிசியோதெரபி படித்தவர். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையையும் தோளையும் மட்டும் தூக்கச் சொன்னார். பூ, இவ்வளவுதானா என்று தூக்கினேன். வயிறு வெடவெடவென்று நடுங்கியது. பக்கத்துப் பாயில் இருந்த அம்மா மின்விசிறியைப் பார்த்தபடி சாவகாசமாகச் செய்துகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, மொகமெல்லாம் செவந்துட்டு. ஏன் மூச்ச அடக்குதீய?"

"வேல செய்யும்போது எப்படிம்மா மூச்ச விடுவாவ?"

ஏழு பேரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சங்கு குளிக்கீய, ஒங்களுக்கு மூச்சு விடத் தெரியலயே" என்றார். சிரமப்படும் நேரத்தில் மூச்சை வெளியே விட வேண்டும், அடக்கிக்கொண்டு எழும்பினால் பாரம் இடுப்பில் இறங்கும் என்று விளக்கினார். கோபம் ஆறியதும் அது உண்மையா என்று பார்க்க ஆசை வந்தது.

வீட்டில் என்னை நானே வேவு பார்த்தேன். தண்ணீர்க் குடம் தூக்கும்போது அடக்கினேன். பைக்கை ஸ்டாண்டில் ஏற்றும்போது அடக்கினேன். மகளின் பரீட்சை முடிவைப் போனில் தேடும்போதுகூட அடக்கினேன். மனைவியிடம் சொன்னேன்.

"இப்பத்தான் தெரியுதாக்கும்? தூங்கும்போதும் அப்படித்தான கெடக்கீரு. நாந்தான் முழிச்சி முழிச்சிப் பாக்கேன்" என்றாள்.

அதன் பிறகு ஒரு வகுப்பும் விடவில்லை. மூன்று மாதத்தில், குனிந்தால் மூச்சு தானாக வெளியே போகும் அளவுக்குப் பழகிவிட்டது. வள்ளத்துக்காரரிடம் போய், ஏறிப் பார்க்கிறேன் என்றேன்.

முதல் முங்கிலேயே வினை. அடிமணலில் சங்கு தெரிந்தது. குனிந்து கையை நீட்டினேன், மூச்சு அத்தனையும் குபுகுபுவென்று போய்விட்டது. வெறுங்கையோடு மேலே ஓடிவந்தேன்.

"ஏலே, பாயிலயே படுத்துக் கெடந்துருக்கலாம்லா" என்றான் கூட்டாளி.

நிஜமாகவே பயந்துபோனேன். இடுப்பை மீட்கப் போய்த் தொழிலைத் தொலைத்துவிட்டேனோ? விளிம்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தேன். கீழே அடக்க வேண்டும், மேலே விட வேண்டும். இரண்டும் ஒரே உடம்புதான், இடம்தான் வேறு. மறுபடி முங்கினேன். இந்தத் தடவை அடக்கினேன், சங்கு கைக்கு வந்தது.

வள்ளத்தின் ஓரத்தில் இரண்டு பேர் கையை நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். விளிம்பைப் பிடித்தேன், வயிற்றை உள்ளே இழுத்தேன், புஸ்ஸென்று மூச்சை விட்டபடி எம்பினேன். உள்ளே உட்கார்ந்திருந்தேன். இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை.

பின்னால் இருந்த வள்ளத்துக்காரர் திரும்பிப் பார்த்தார். "என்னல அது சத்தம்?"

"மூச்சு விட்டேன் அண்ணாச்சி."

"சரி, நாளைக்கு வெள்ளன வந்துரு."