ஊசியின் மேல் விழுந்த பழி

பர்லாட் ஊரின் பேருந்து நிலையத்தை ஒட்டிய ரொட்டிக் கடையில் ஸ்மரந்தாவும் நானும் பல வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை பார்த்தோம். கடை அதிரச் சிரிப்பாள். சண்டை என்றால் ஒரு அடி முன்னால்தான் வைப்பாள். ஆஸ்பத்திரி என்றால் மட்டும் அவளுக்குக் காது கேட்காது. மகனைப் பெற்ற பிறகு எந்த மகளிர் நோய் டாக்டரிடமும் உடம்பைக் காட்டியதில்லை.

அவளுடைய அக்கா ஸெனோவியா கருப்பைவாய்ப் புற்றுநோயில் செத்த பிறகுதான் காது திறந்தது. அந்த நோயைக் கொண்டுவரும் எச்பிவி கிருமிக்கான தடுப்பூசியை நாற்பது வயதுக்காரிகளும் போட்டுக்கொள்ளலாம் என்று குடும்ப டாக்டரம்மா ஒலாரு சொல்லியிருந்தார். ஸ்மரந்தா அதைக் கணவன் நெலுவிடம் சொன்னாள். அவன் இத்தாலிக்கு லாரி ஓட்டுகிறவன். ஊரில் இருப்பதைவிட வழியில் இருப்பதே அதிகம்.

"அது சின்னப் பொண்ணுங்க போடுறதுடி. படுக்கையில ஒட்டுற கிருமிக்குன்னு சொல்றாங்க. நான் இல்லாதப்ப எவனைப் பாக்கப் போறதா உத்தேசம்?"

"நீ அங்க எவளைப் பாக்குறேன்னு நான் கேட்டிருக்கேனா?"

அன்று இரவுச் சாப்பாட்டை அவன் தொடவில்லை.

எந்த மருந்துக் கடையிலும் ஊசி இல்லை. "அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லியே கோடையைக் கழித்தார்கள். கடைசியில் வந்து சேர்ந்தபோது நாத்தனார் லுமினித்சா, "நீங்க மொதல்ல போட்டுக்கங்க அண்ணி. உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னா நானும் போட்டு, ஈலிங்காவுக்கும் போட்டுடறேன்" என்றாள். ஈலிங்கா அவள் மகள்; பள்ளிக்கூடம் போகிற பெண்.

ஊசி போடும்போது டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. "கை வலிக்கும், லேசா ஜுரம் வரலாம். பயப்பட வேண்டாம், உலகம் பூரா கோடிக்கணக்கான பேரு போட்டதுதான். ஆனா உன் வயசுல சின்னப் பொண்ணுங்களுக்குக் கெடைக்கிற அளவு பலன் கெடைக்காது. கிருமி ஏற்கெனவே உள்ள வந்து உக்காந்திருந்தா அதை இந்த ஊசி வெரட்டாது. அதனால கருப்பைவாய்ச் சோதனையும் பண்ணிக்கோ."

ஸ்மரந்தா பல்லைக் கடித்துக்கொண்டு சோதனைக்கும் படுத்தாள். கை இரண்டு நாள் வலித்தது. மாதம் முடிவதற்குள் சோதனை முடிவு வந்தது: கருப்பைவாயில் செல்கள் மாறியிருக்கின்றன, புற்றுநோய்க்கு ஒரு படி முன்னால் நிற்கிறது, அந்த இடத்தை வெட்டி எடுக்க வேண்டும்.

நெலு போனில் கத்தியது எனக்கே கேட்டது. "சும்மா கெடந்த உடம்புல குத்தி வரவழைச்சுக்கிட்டியே!"

டாக்டரம்மாவிடம் நானும் கூடப் போனேன். "இது பல வருஷமா வளர்ந்தது ஸ்மரந்தா. போன மாசம் போட்ட ஊசியால வந்ததில்ல."

"அப்ப எங்கேருந்து வந்துச்சு?"

"அந்தக் கிருமி ஆம்பளை பொம்பளை உறவுலதான் பரவும். எப்பன்னு யாராலயும் சொல்ல முடியாது."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். "எனக்கு நெலுவத் தவிர வேற ஆளே தெரியாதுடி" என்று சிரித்தாள். கடையில் கேட்கும் சிரிப்பு இல்லை அது.

அறுவை சிகிச்சை நன்றாக நடந்தது. மூன்று தவணையில் மிச்சமிருந்த ஊசிகளையும் தனியாகப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். வேறு எந்தக் கெடுதலும் அவளுக்கு வரவில்லை. நெலுவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்தையில் எல்லோரும் அவனுக்காகத்தான் பரிதாபப்பட்டார்கள்.

ஒரு காலை லுமினித்சா ரொட்டி வாங்க வந்தாள். வரிசையில் பின்னால் நின்றவளிடம் எங்கள் காதுபடவே சொன்னாள்: "ஊசி போட்டுத்தான் எங்க அண்ணிக்கு இப்படி ஆச்சு. என் பொண்ணைத் தொட விடுவேனா?"

ஸ்மரந்தா ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "லுமினித்சா, எங்க அக்கா எந்த ஊசி போட்டுச் செத்தா?"

லுமினித்சா ரொட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனாள்.

ஈலிங்காவின் பள்ளிக்கூடத்துத் தோழிகள் ஊசி போட்டுக்கொண்டார்கள். ஈலிங்காவுக்குப் போடவில்லை. அதைப் பற்றிப் பேச ஸ்மரந்தா இரண்டு முறை அந்த வீட்டுக்குப் போனாள். இரண்டாம் முறை கதவே திறக்கவில்லை. உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.