நிழல் இல்லாத ஆடு

அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘வெளிச்சக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். வெளிச்சம் போடுவதுதான் அவள் வேலை. வீடியோ கேம் ட்ரெய்லர்களில் விளக்கு எங்கே எரிய வேண்டும், நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும், ஈரத் தரை எவ்வளவு மின்ன வேண்டும் என்பதெல்லாம் அவள் கைவண்ணம். கேம் வெளிவர இன்னும் வருஷக்கணக்கில் இருக்கும். கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் ஒரு சுவரைக்கூட வரைந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ட்ரெய்லரில் நாயகி அந்தக் கதவில் கை வைக்கும்போது பார்க்கிறவனுக்கு உடம்பு சிலிர்க்க வேண்டும். இன்னும் பிறக்காத ஊர்களுக்கெல்லாம் வெளிச்சம் போட்டுப் போட்டு அவள் மூக்குக் கண்ணாடிதான் தடித்துக்கொண்டே போனது.

அவளுக்கு வாய்த்த இயக்குநருக்குப் பட்டப்பெயர் ‘காவியம்’. எதைக் காட்டினாலும், “நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னும் கொஞ்சம் காவியமா இருக்கணும்” என்பார். கம்பெனி இடையிடையே செய்துகொடுக்கும் பிஸ்கட் விளம்பரத்துக்கும் அதையேதான் சொன்னார்.

அந்த வருஷம் அவர்கள் கையில் இருந்தது ஒரு படகுக்காரியின் கதை. வெள்ளத்தில் மூழ்கிய நகரத்தில் அவள் தன் மகளைத் தேடிப் போகிறாள். கூடவே ஓர் ஆடு. பூட்டிய கதவை முட்டித் திறப்பதும், கண்ணில் பட்ட காகிதத்தை மெல்வதும்தான் அதன் வேலை. ட்ரெய்லரை நிதானமாகச் செய்துகொண்டிருந்தபோது போட்டிக் கம்பெனி ஒன்று தன் ட்ரெய்லரை அறிவித்துவிட்டது. காவியத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. “நம்மளும் இந்த வெள்ளிக்கிழமையே விடுறோம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சோதித்துப் பார்க்கும்போது கணினி திணறாமல் இருக்க ஆட்டின் நிழலை மட்டும் அவள் அணைத்து வைத்திருந்தாள். கடைசி அவசரத்தில் அதைத் திரும்பப் போட மறந்துபோனாள். வெள்ளிக்கிழமை பெரிய திரையில் ட்ரெய்லரைப் பார்த்து எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்க, அவள் மட்டும் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். படகுக்காரிக்கு நிழல் இருக்கிறது, விளக்குக் கம்பத்துக்கு இருக்கிறது, மிதக்கும் நாற்காலிக்குக்கூட இருக்கிறது. ஆடு மட்டும் மொட்டையாக நடக்கிறது.

“சார், ஆட்டுக்கு நிழல் விட்டுப்போச்சு.”

“அதை யாரும்மா பாக்கப்போறா?” என்றார் காவியம்.

பார்த்தது அவளுடைய சொந்தத் தம்பி.

தம்பிக்கு வயது முப்பதை நெருங்குகிறது. அக்கா வீட்டு மாடியறையில் இருந்துகொண்டு யூடியூப் சேனல் நடத்துகிறான். தானாக நடக்கும் நாற்காலி, பேசும் டோஸ்டர் என்று விசித்திரமான வீடியோக்களைத் தேடிப்பிடித்துப் போடுவான். வரப்போகும் கேம்களின் ட்ரெய்லர்களை அங்குலம் அங்குலமாகப் பிரித்து மேய்வதுதான் அவனுடைய உயிர். அக்கா என்ன வேலை செய்கிறாள் என்று அவனுக்குச் சரியாகத் தெரியாது. கம்பெனி விஷயத்தை வெளியில் மூச்சுவிடக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்ததால் அவள் பிஸ்கட் விளம்பரத்தைப் பற்றி மட்டும்தான் வீட்டில் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை காலை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கி வந்தான்.

“அக்கா, இதப் பாரேன்! ஆட்டுக்கு நிழலே இல்ல!”

“மறந்திருப்பாங்கடா.”

“மறக்கறதா? இவ்வளவு பெரிய கம்பெனி! ஆடு செத்துப்போச்சுக்கா. அது ஆவி. அவ மகளும் செத்துட்டா. மொத்தக் கதையும் இந்த ஒரு நிழல்ல இருக்கு!”

“டேய், சும்மா ஏதாவது அவசரத்துல...”

“நீ பிஸ்கட்டுக்கு வெளிச்சம் போடுற ஆளு. இதெல்லாம் உனக்குப் புரியாது, விடு.”

அவள் கையிலிருந்த சட்டையை நான்காக மடிக்க வேண்டியதை எட்டாக மடித்தாள்.

தம்பியின் வீடியோ காட்டுத்தீயாகப் பரவியது. யார் யாரோ நிழலில்லாத ஆட்டைப் படம் வரைந்து போட்டார்கள். ஒருவர் ஆட்டுக்கு இரங்கற்பா எழுதினார். திங்கட்கிழமை காவியம் எல்லோரையும் கூட்டி வைத்து, கண்கள் ஜொலிக்க, “ஆடு செத்துடுச்சு” என்று அறிவித்தார்.

கதை எழுதுகிறவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “சார், ஆவி எப்படி சார் கதவை முட்டும்? எப்படிக் காகிதம் தின்னும்? பாதி விளையாட்டே அதுதானே!”

“மாத்துங்க. ஜனங்க கொண்டாடுறாங்க.”

“சார், அது என் தப்பு. நான்தான் மறந்துட்டேன்னு அன்னைக்கே சொன்னேனே” என்றாள் அவள்.

“உன் உள்மனசு மறக்கலம்மா” என்றார் காவியம்.

அன்றிலிருந்து ஆறு மாதம் ஆட்டோடுதான் பிழைப்பு. ஆவிக்குத் தண்ணீரில் பிம்பம் தெரியுமா தெரியாதா என்று ஒரு பகல் முழுக்கச் சண்டை. மழை ஆட்டின்மேல் விழ வேண்டுமா, ஊடுருவிப் போக வேண்டுமா என்று இன்னொரு பகல். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ஆடு. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு தம்பி அவளுக்கு ஆட்டின் தத்துவத்தை விளக்குவான். அவள் கணவர் ஒருநாள் பொறுக்க முடியாமல், “இந்த வீட்டுல மனுஷங்களைப் பத்தி யாராவது பேசுவீங்களா?” என்று கேட்டார்.

இரண்டாவது ட்ரெய்லர் வந்தது. யாரோ நிழல் அணைக்காத பழைய கோப்பை எடுத்துச் சேர்த்ததில் ஒரு காட்சியில் ஆட்டுக்கு நிழல் விழுந்துவிட்டது. “ஆடு உயிர்த்தெழுந்தது!” என்று தம்பி அலறிக்கொண்டு வீடியோ போட்டான். மறுநாளே காவியம் அறைக்குள் நுழைந்து வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரிந்ததும் அவள் எழுந்து நின்றாள்.

“சார், ஆடு சாகவும் இல்ல, பொழைக்கவும் இல்ல. முதல்ல நான் மறந்தேன், இப்ப வேற யாரோ மறந்தாங்க. அவ்வளவுதான். இன்னொரு தடவை இந்த ஆட்டை மாத்தணும்னா வேற ஆளைப் பாத்துக்குங்க. ஆடு உயிரோட இருக்கா இல்லையான்னு கதை எழுதுறவர் சொல்லட்டும்.”

எழுத்தாளர் மெல்ல எழுந்து, “உயிரோடதான் இருக்கு சார், ஆரம்பத்துலேருந்து” என்றார். “அதுவும் காவியமாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுக் காவியம் வெளியே போனார்.

கேம் ஒருவழியாக வெளிவந்து நன்றாகவே விற்றது. எப்படி உருவாக்கினோம் என்று கம்பெனி ஒரு வீடியோ எடுத்தபோது அவளையும் விளக்குகளின் முன்னால் உட்கார வைத்தார்கள். முதல் ட்ரெய்லரில் ஆட்டுக்கு நிழல் இல்லாதது ஆரம்பத்திலேயே திட்டமிட்டதுதான் என்று சொல்லச் சொன்னார்கள். அவள் கேமராவை நேராகப் பார்த்து, “மறந்துட்டேன்” என்றாள். அதை வெட்டாமல் விட்டது எடிட்டரின் புண்ணியம்.

அதைப் பார்த்த தம்பி வெளுத்த முகத்தோடு மாடியிலிருந்து இறங்கி வந்தான்.

“நீயா?”

“நான்தான்டா.”

“இத்தனை நாள் எதிர்ல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தியே! ஒரு வார்த்தை சொல்லலையே!”

“சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து போட்டிருக்கேன். ஆனாலும் மறந்திருப்பாங்கன்னு முதல் நாளே சொன்னேனா இல்லையா?”

அவன் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பாவமாகத்தான் இருந்தது அவளுக்கு. கொஞ்ச நேரம் கழித்து, சமாதானம் பேசலாம் என்று டீயை எடுத்துக்கொண்டு மேலே போனாள். கதவுக்கு வெளியிலேயே அவன் குரல் கேட்டது. ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்தது.

“நண்பர்களே, அந்த வீடியோவுல பேசுனது என் கூடப் பொறந்த அக்கா. சின்ன வயசுலேருந்து எனக்குத் தெரியும். அவங்க எதையுமே மறக்க மாட்டாங்க. கம்பெனிதான் அவங்களை அப்படிச் சொல்ல வெச்சிருக்கு!”

அந்த வீடியோவும் பிய்த்துக்கொண்டு ஓடியது. அவள் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வீடியோவுக்குக் கீழே கருத்து எழுதினாள்: “நான்தான் அந்த அக்கா. நிஜமாகவே மறந்துவிட்டேன்.”

உடனே ஒருவன் பதில் போட்டான்: “போலிக் கணக்கு. நம்பாதீங்க.”

அதற்கு முதலில் விருப்பக் குறி போட்டிருந்தவன் தம்பிதான். அவனுக்கு அன்றைக்குப் போட்டு வைத்திருந்த டீயையும் அவள் தானே குடித்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.