தலாவ் பாதைக்கு நான் போட்ட டிக்

அன்றைக்கு இருந்தவர்கள்: இட்லிக்கார அக்கா. என்னைவிடச் சின்னவள்தான், எங்கள் வரிசைக்கே அக்கா. அவள் வீட்டுக்காரர், வாதத்தில் ஒரு கை விழுந்தவர். தையல்கார பாய். வார்டு ஆபீஸ் பியூன். நான்.

செம்பூரில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் தலாவ். சின்ன ஏரிதான். கரையைச் சுற்றி ஜனங்கள் நடக்கப் பாதை போடப்போகிறார்கள் என்று பியூன் சொன்னார். வீட்டுக்கு ஒரு ஃபாரம் கொடுத்தார். எல்லாம் மராத்தி. பத்து நாளில் திருப்பிக் கொடுக்கணும் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

பாதை வந்தால் பின்கதவைத் திறக்க முடியாது. பெண்கள் குளிக்கிற மறைப்பு அங்கேதான். அக்காவுக்கு அதைவிடப் பெரிய கஷ்டம். அவள் இட்லி அவிக்கிற தகரச் சாய்ப்பு கரையில் நிற்கிறது. அதில்தான் குடும்பம் ஓடியது.

எல்லோரும் ஃபாரத்தை என்னிடம் கொடுத்தார்கள். நாலாவது வரை இந்தி ஸ்கூலில் படித்தவன். மராத்திக்கும் அதே எழுத்துதான், கூட்டிப் படிப்பேன்.

"ஓய் மாஸ்டர், கண்ணாடியப் போட்டுப் படியும். போன தடவ ரேஷன் ஃபாரத்துல என்னைப் பொம்பளையாக்கிட்டீரு" என்றார் பாய். அக்கா சிரித்தாள்.

கீழே ரெண்டு கட்டம். ஒன்றில் ஹர்கத் ஆஹே, அதாவது உண்டு. இன்னொன்றில் ஹர்கத் நாஹி, இல்லை. இந்தியில் ஹர்கத் என்றால் சேட்டை, வேண்டாத வேலை. அந்த வேலை வேண்டாம் என்பதற்கு நாஹி. சந்தேகமே வரவில்லை. எல்லா ஃபாரத்திலும் நாஹியில் நானே டிக் போட்டேன். அக்கா கட்டைவிரல் வைத்தாள். மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஃபாரம் வந்த நாலாம் நாள் பஸ்ஸில் ஒரு மராத்திக்காரம்மா காலை மிதித்துவிட்டேன். மாஃப் கரோ என்றேன்.

"ஹர்கத் நாஹி" என்றாள், சிரித்துக்கொண்டு.

கண்டக்டரிடம் அர்த்தம் கேட்டேன். பரவாயில்லை, ஆட்சேபணை இல்லை என்றார்.

நேரே வார்டு ஆபீஸ் போயிருக்கலாம். அக்காவிடமாவது சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். சொன்னால் இனி மாஸ்டர் என்று யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்தேன். வேறு காரணம் இல்லை.

மழை முடிந்ததும் கம்பி வேலி வந்தது. சாய்ப்பைப் பிரித்தார்கள்.

"வேண்டாம்னு எழுதிக் குடுத்தோமே அண்ணாச்சி. நம்ம எழுத்து அவுக கண்ணுலயே படலையே" என்றாள் அக்கா.

பட்டது. படித்துவிட்டுத்தான் வந்தார்கள். நான் தகரத்தை ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தேன்.

இப்போது அவள் பில்டிங்கில் பாத்திரம் தேய்க்கப் போகிறாள். அந்தப் பாதை வழியாகத்தான் போகிறாள். பாதை நன்றாகத்தான் இருக்கிறது.

டிக் போட்டது தெரியாமல் செய்தது. பஸ்ஸை விட்டு இறங்கினபோது தெரியும். கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருந்தது.

ஆறு நாள்.