ராணியின் பிடரியில் ஒரு கட்டி

அன்று தாம்பரத்தில் கால்நடை டாக்டரின் அறையில் இருந்தவர்கள்: டாக்டர், ஊசி எடுத்துக் கொடுக்கும் கம்பவுண்டர், என் வீட்டுக்காரர், நான், மேசையில் பழைய துண்டில் சுற்றிய எங்கள் பூனை ராணி. இரண்டு வயதுக் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்திருந்தோம்.

ராணி முழு வெள்ளை. பிடரியில் மட்டும் செம்மஞ்சள் கறை.

முதல் கட்டி போன வருஷம், தொண்ணூற்று மூன்றில், ஆடி மாதம் என் கையில் தட்டியது. மிளகு அளவு. என் சித்திக்கு மார்பில் இப்படித்தான் தொடங்கியது. ஆறு மாதத்தில் அவள் இல்லை. நான் எட்டாவதோடு நின்றவள். கட்டி என்றால் எனக்கு அந்த ஒன்றுதான் தெரியும்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

"கொழந்த அது மேலயே படுத்துகினு கீது. இந்தக் கட்டி போயி இன்னொரு தபா வந்துச்சி, பூனைய சாக்குல போட்டு கோவளத்துல மீன் விக்கிற எடத்துல வுட்டுருவேன். நம்ம வூட்ட வுட அங்க நல்லாவே துண்ணும்" என்றார்.

கொண்டைக்கடலை அளவு ஆனதும் ஒரு மத்தியானம் நானே பிதுக்கிவிட்டேன். கெட்டித் தயிர் போல வந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டேன். நாலு நாளில் இடம் தட்டையானது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

ஐப்பசியில் அதே இடத்தில் வந்தது. அவருக்குத் தெரியாமல் மறுபடி பிதுக்கினேன். தை மாதம் மூன்றாவது முறையும் வந்தது, பிதுக்கி மஞ்சள் பூசினேன். இந்தத் தடவை சீழ் வைத்து, உடம்பு கொதித்து, ராணி இரண்டு நாள் ஒன்றும் தின்னாமல் கட்டிலடியில் கிடந்தாள். இனி மறைக்க முடியாது.

"யாரும்மா இதைப் பிதுக்கினது?" டாக்டர் கேட்டார்.

"தானா ஒடைஞ்சிடுச்சு சார்."

"இந்த எடத்துக்கு அது நாக்கே எட்டாதே. மஞ்சளும் அதுவே அரைச்சுப் பூசிக்கிச்சா?"

கம்பவுண்டர் வாயைப் பொத்திக்கொண்டார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "சாம்பார் கொட்டிக்கிச்சின்னு சொன்னா சார்."

ஒத்துக்கொண்டேன். பிறகு, ஆறு மாதமாகத் தொண்டையில் இருந்ததைக் கேட்டேன். "கேன்சரா சார்?"

"பார்த்தா அப்படித் தெரியலம்மா. இது சிஸ்ட்" என்றார் (தோலுக்கு அடியில் ஒரு பை உண்டாகி, அதில் கொழுப்பு சேர்ந்த கட்டி). "பை உள்ள இருக்கிற வரைக்கும் நீங்க பிதுக்கப் பிதுக்க அது ரொம்பும். நீங்க அழுத்தினதுல பை உள்ளயே கிழிஞ்சு சீழ் வெச்சிருக்கு."

என் பயம்தான் அவளைப் புண்ணாக்கியது.

ஒரு வாரம் ஊசி போட்டுச் சீழ் வற்றிய பிறகு, மயக்க மருந்து கொடுத்துப் பையை எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"சாக்கு எங்கடி கீது நம்ம வூட்டுல? அரிசியே அஞ்சி அஞ்சி கிலோவா வாங்கறோம்" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னான்ட சொல்ல அவ்ளோ பயமா?"

"ஆமா" என்றேன். கதவு திறந்தது. எழுந்து உள்ளே போனோம்.

ராணி நாக்கு வெளியே தள்ளிக் கிடந்தாள். வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன். டாக்டர் சொன்னார்: "இதோட தோல்வாகு அப்படி. வேற எடத்துலயும் வரும். தொட்டுப் பாருங்க, அழுத்தாதீங்க. வளர்ந்தா தூக்கிட்டு வாங்க."

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பூனை இருந்தால் மஞ்சளும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். வீட்டில் இருப்பவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தையல் பிரித்து ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம் அவள் காதுக்குக் கீழே ஒன்று தட்டியது. அன்றைக்கே அவரிடம் காட்டினேன். தினமும் காலையில் ஒரு விரலால் தொட்டு, அழுத்தாமல் கையை எடுத்துவிடுகிறேன். குளிக்கும்போது அதே விரல் என் உடம்பிலும் எதையோ தேடுகிறது. முன்பு அப்படி இல்லை. இப்போது கிழமை மறந்துபோகிறது, அளவு மறப்பதில்லை. நேற்று துவரம்பருப்பு. இன்று இன்னும் தொடவில்லை.